தேயிலைத் தூளுக்கு உள்ள பாதுகாப்பு நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்

(கொத்மலைப் பிரதேசத் தோட்டத் தலைவர்மார், மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், காணி, வீடு என்று பேசுகிற இந்த மேடையில் பீடி, சிகரட் பற்றிப் பேச நாங்கள் நேரம் கேட்டிருக்கிறோம். "இது டாக்டர்மார் பேச வேண்டிய விசயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் பேசப்போவது நம் சம்பளத்தைப் பற்றியும்தான், நாம் குடியிருக்கும் லயத்தைப் பற்றியும்தான், நம் பிள்ளைகளின் மூச்சைப் பற்றியும்தான். இந்த மூன்றும் சங்கத்தின் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

தொழிற்சாலைக்குள் இருக்கும் சட்டம்

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். உள்ளே யாரும் பீடி பற்ற வைக்க முடியாது. நெருப்புப் பயம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் வாடை, சவர்க்கார வாடை, புகை வாடை எதுவாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். அப்படி வாடை ஏறிய தூளை ருசி பார்க்கிறவர் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார். கொழும்பு ஏலத்தில் அதற்கு விலை கிடைக்காது. அதனால் துரை முதல் தொழிலாளி வரை அங்கே எல்லோருக்கும் ஒரே சட்டம்.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து சற்று மேலே ஏறினால் நம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. உள்ளே அடுப்பு. அதற்குள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். குளிருக்குக் கதவைச் சாத்தியாகிவிட்டது. விறகுப் புகை ஏற்கெனவே கண்ணைக் கரிக்கிறது. அதற்குள் ஒருவர் பீடியும் பற்ற வைக்கிறார். தேயிலைத் தூளுக்குப் பக்கத்தில் கூடாது என்று சொன்ன அதே புகை, ஆறு மாதக் குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் போகிறது. குழந்தையின் நுரையீரலும் பக்கத்தில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். அதை ருசி பார்த்துச் சொல்ல யாரும் வருவதில்லை. விலை குறையும்போதுதான் நமக்குத் தெரிகிறது, அதுவும் வைத்தியசாலையில்.

இன்று நாங்கள் சொல்ல வந்தது இதைத்தான். தேயிலைத் தூளுக்குக் கிடைத்திருக்கிற பாதுகாப்பு நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

புகை என்ன செய்கிறது?

புகையிலைப் புகையில் 7,000-க்கும் அதிகமான இரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் 70 அளவில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. நுரையீரல், வாய், தொண்டை, உணவுக்குழாய், சலப்பை என்று புகைக்கிறவர் உடம்பில் புற்றுநோய் வரக்கூடிய இடங்கள் பல. மாரடைப்பும் பாரிசவாதமும் சேர்ந்து வருகின்றன. நெருக்கமாகக் குடியிருக்கிற நம் மத்தியில் காசநோய் பரவுவது சுலபம். புகைக்கிறவருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பும், வந்தால் உயிர் போகும் வாய்ப்பும் கூடுதல். விட்டுவிடாமல் கடைசி வரை புகைக்கிறவர்களில் பாதிப் பேர் வரை அதனாலேயே சாகிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. உலகத்தில் ஒரு வருடத்தில் புகையிலையால் சாகிறவர்கள் 70 இலட்சத்துக்கும் மேல். அதில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் தங்கள் கையால் ஒரு சிகரட் கூடத் தொடாதவர்கள். பக்கத்தில் இருந்து மூச்சுவிட்டது மட்டும்தான் அவர்கள் செய்தது.

இந்தப் பக்கத்து மூச்சின் கதையைப் பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஜப்பானில் தக்கேஷி ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர், புகைபிடிக்காத 91,540 மனைவிமாரை 14 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார். 1981 இல் அவர் முடிவை வெளியிட்டார். நிறையப் புகைக்கிற கணவன்மாரின் மனைவிமாருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. சிகரட் கம்பனிகள் அவரைப் பொய்யர் போலக் காட்டப் பெரும் பாடுபட்டன. பிறகு பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் அவர் பக்கமே நின்றன.

குழந்தைகளுக்கு வருகிற கேடு இன்னும் சீக்கிரமாக வரும். சளிக்காய்ச்சல், நியூமோனியா, இழுப்பு, காதில் சீழ் என்று ஒன்று மாறி ஒன்று வரும். கர்ப்பிணித் தாய் புகைக்குள் இருந்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். நாட்டிலேயே எடை குறைந்து பிறக்கிற குழந்தைகள் அதிகம் தோட்டப்புறத்தில்தான் என்று அரசாங்கக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. அதற்குத் தாயின் சாப்பாடு, இரத்தச் சோகை, வேலைப்பளு என்று பல காரணங்கள் இருக்கின்றன. அவற்றுக்காக நாம் போராடுகிறோம். புகை என்ற காரணத்தை அகற்றுவது நம் கையிலேயே இருக்கிறது.

பாடசாலையில் இருக்கும் எங்களுக்கு இது டாப்பில் தெரியும். மாரிக் காலத்தில் யார் யார் வராமல் நிற்பார்கள் என்று பெயர் கூப்பிடும் முன்பே சொல்லிவிடலாம். வருகிற பிள்ளையும் பின் வாங்கில் இருந்து இருமிக்கொண்டே இருக்கும். சோக்குத் துண்டை விரலிடுக்கில் வைத்து, தலையை அண்ணாந்து ஊதிக் காட்டுகிற முதலாம் ஆண்டுப் பிள்ளைகளையும் பார்க்கிறோம். அதை நாங்கள் பாடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

புகையிலையைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையை இலங்கை 2003 நவம்பரில் உறுதிப்படுத்தியது. உலக சுகாதார அமைப்பின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் அதை முதலில் செய்தது நம் நாடுதான். பிறகு 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை அந்தச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 2006 டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

அதில் நாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அலுவலகம், வைத்தியசாலை, பாடசாலை, வங்கி, கடை, பஸ் போன்ற மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பது குற்றம். இரண்டாவது, அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் அதைத் தடுக்க வேண்டும். பார்த்தும் பாராமல் விடுகிறவர் மீதும் சட்டம் பாயும். மூன்றாவது, 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட், பீடி, சுருட்டு எதையும் விற்கக் கூடாது.

மூன்றாவதை இன்னும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். "ஓடிப்போய் ரெண்டு பீடி வாங்கிட்டு வா" என்று பத்து வயதுப் பிள்ளையை இந்தக் கொத்மலையில் எத்தனை லயங்களிலிருந்து அனுப்புகிறார்கள்? கடைக்காரர் சட்டத்தை மீறுகிறார். அவரை மீற வைப்பது நாம். அந்தப் பிள்ளை நான்கு வருடம் கழித்துத் தனக்காகவே போய் வாங்கினால், போகும் வழியைக் காட்டிக் கொடுத்தது யார்?

சிகரட் பெட்டியில் போடுகிற படத்துக்கும் ஒரு கதை உண்டு. பெட்டியில் 80 வீதம் நோய்ப் படம் போட வேண்டும் என்று 2012 இல் அரசாங்கம் விதி கொண்டுவந்தபோது கம்பனி நீதிமன்றத்துக்குப் போனது. அளவு குறைந்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதமாக்கியது. இவ்வளவு பாடுபட்டுப் போட்ட படத்தை நம் ஆட்கள் பார்க்கிறார்களா? தோட்டத்துக் கடையில் நாம் வாங்குவது ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக. பெட்டி கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. எச்சரிக்கையைப் படிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான் படிப்படியாக வந்தது. கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12 இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. பொது இடத்தில் புகைப்பது மற்றவர் உயிர்வாழும் உரிமையைப் பறிக்கிறது என்பது அதன் சாரம். 2004 மார்ச் 29 இல் அயர்லாந்து எல்லா வேலைத்தலங்களிலும் புகைப்பதைத் தடை செய்தது. மதுக்கடைகளும் அதில் அடங்கும். அங்கே குடிக்க வருகிறவருக்காக அந்தச் சட்டம் வரவில்லை. எட்டு மணித்தியாலம் நின்று பரிமாறுகிற தொழிலாளியின் நுரையீரலுக்காக வந்தது. புகையில்லாத வேலைத்தலம் தொழிலாளியின் உரிமை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சட்டம் நிற்கும் இடமும் லயம் தொடங்கும் இடமும்

மூடப்பட்ட பொது இடத்தோடு சட்டம் நின்றுவிடுகிறது. பிரட்டுக்களம் திறந்த வெளி. கொழுந்து மடுவம் பாதி திறந்தது. லயத்துக் காம்பரா குடியிருக்கும் வீடு. ஆகவே பொலிஸும் வராது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து எழுத மாட்டார்.

"என் வீட்டுக்குள் நான் புகைக்கிறேன், உனக்கென்ன?" என்று நகரத்தில் தனி வீட்டில் இருக்கிறவர் கேட்கலாம். லயத்தில் இருக்கிற நாம் அப்படிக் கேட்க முடியுமா? பழைய லயங்களில் பக்கத்துக் காம்பராவில் இருமினால் இந்தக் காம்பராவில் கேட்கிறது. இருமல் சத்தம் வருகிற வழியாகப் புகையும் வருகிறது. ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாக ஒட்டிய இஸ்தோப்புகள். தனியிடம் என்று ஒன்று நமக்கு யாரும் கட்டித் தரவில்லை. தனி வீடும் காணியும் கேட்டு நாம் போராடுவது அதற்காகத்தான். அது கிடைக்கும் வரை லயம் முழுவதும் நமக்குப் பொது இடம்தான். சட்டம் அப்படி எழுதாவிட்டாலும் நாம் அப்படி நினைக்க வேண்டும்.

நம் பேரும் நம் காசும்

இனிச் சம்பளக் கணக்கு. 1,000 ரூபாவுக்காக நாம் எத்தனை வருடம் வீதியில் நின்றோம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. 2021 இல் அது கிடைத்தது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. அப்போது ஒரு முழுப் பேருக்கு 1,350.

பரவலாக விற்கிற சிகரட் ஒன்றின் விலை நூறு ரூபாவைத் தாண்டி நாளாகிவிட்டது. நூறு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் 500 ரூபா. மாதத்துக்கு 15,000. அதை அந்த 2024 ஆம் ஆண்டு 1,350 ஆல் பிரித்துப் பாருங்கள், பதினொன்றுக்கு மேல் வரும். 25 நாள் வேலை கொடுக்கச் சொல்லி நாம் துரையோடு வாதாடுகிறோம். அந்தக் கணக்கில் கிடைத்த 25 பேரில் 11 பேர் புகையாகப் போனது. அரைப் பேர் போட்டால் கந்தோர் வாசலில் கூட்டம் கூடுகிற நாம், மாதம் இத்தனை முழுப் பேரை வெட்டுகிறவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"நாங்கள் பீடிதானே, அது மலிவு" என்பார்கள். மலிவு என்பதாலேயே எண்ணிக்கை கூடுகிறது. பீடியில் புகையிலை கொஞ்சம்தான், ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். நச்சுத் தாரும் நிக்கொட்டினும் சிகரட்டைவிட அதில் கூடுதலாக உள்ளே போகின்றன.

இந்தக் காசு போகிற இடத்தையும் சொல்லிவிடுகிறோம். விலையில் பெரும்பகுதி அரசாங்கத்துக்கு வரி. மீதியில் இலாபம் இலங்கைப் புகையிலைக் கம்பனிக்கு. அதன் பங்குகளில் 84 வீதம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கம்பனியின் கையில். 1975 இல் தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பனிகளின் கையைவிட்டுப் போயின. நம் சிகரட் காசு மட்டும் இன்னும் லண்டனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

சொல்லப்படும் நியாயங்கள்

"மலையில் நின்று வேலை செய்கிறவனுக்குக் குளிருக்கு ஒரு பீடி வேண்டாமா?" என்று கேட்பார்கள். நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும். கைகால் விரல்களுக்குப் போகிற இரத்தம் குறையும். தொண்டைக்குச் சூடாகத் தெரியும்போதே விரல் இன்னும் விறைக்கும்.

"களைப்புக்கும் பசிக்கும்" என்பார்கள். இதை நாங்கள் லேசாகத் தள்ளிவிட மாட்டோம். கவ்வாத்து மலையில் மத்தியானம் வரை நிற்கிறவரின் களைப்பு உண்மை, பசியும் உண்மை. அதற்கு ஓய்வு நேரமும், ஒதுங்க ஒரு கொட்டிலும், குடிக்கச் சுடுதண்ணீரும், வயிறு நிறையும் சம்பளமும் வேண்டும். பீடியால் பசியை அடக்கிக்கொண்டு வேலை செய்கிற தொழிலாளி நிர்வாகத்துக்கு மிக வசதியானவர்.

"நாங்கள் புகைப்பதில்லை, வெற்றிலைதானே" என்று அக்காமார் சிரிக்கிறீர்கள். புகையிலை வாயில் எரிந்தாலும் வாயில் ஊறினாலும் புகையிலைதான். இலங்கை ஆண்களுக்கு மிக அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். தோட்டப்புறத்தில் பெண்களும் அதற்குத் தப்பவில்லை. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் அறிவித்துவிட்டது. 2016 செப்டம்பர் வர்த்தமானியில் புகையற்ற புகையிலைப் பொருட்களின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை வந்தது. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம், காரம் பட்டால் எரிவு இருந்தால் அடுத்த கிழமைக்குத் தள்ளாமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்றக்கூடிய நோய் இது.

நாம் எடுக்க வேண்டிய தீர்மானங்கள்

சட்டம் எட்டாத இடத்தில் நம் தோட்டக் கமிட்டிகள் நிற்கலாம். 2018, 2019 ஆம் ஆண்டளவில் நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நகரங்களில் கடைக்காரர்கள் தாங்களாகவே சிகரட் விற்பதை நிறுத்தினார்கள். யாழ்ப்பாண மாவட்டத்திலும் மாத்தறையிலும் குருநாகலிலும் அப்படி நடந்தது. சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் ஊர் மக்களும் பேசினார்கள், கடைக்காரர்கள் கேட்டார்கள். ஒரு நகரம் செய்வதை ஒரு டிவிசன் செய்ய முடியாதா? ஆகவே உங்கள் முன் ஐந்து தீர்மானங்களை வைக்கிறோம்.

ஒன்று. பிள்ளை மடுவம், கொழுந்து மடுவம், கோயில், கிளினிக் நடக்கும் இடம், சங்கக் கூட்டம் ஆகிய ஐந்து இடங்களிலும் சுற்றுப்புறத்திலும் யாரும் புகைப்பதில்லை. தலைவர்மாரும் இதில் அடக்கம். கூட்டத்தில் தலைவர் புகைத்துக்கொண்டு பேசினால் தீர்மானம் அன்றைக்கே செத்துவிடும்.

இரண்டு. லயத்துக் காம்பராவிலும் இஸ்தோப்பிலும் புகைப்பதில்லை. விட முடியாதவர் லயத்தைவிட்டு விலகிப் போய்ப் புகைக்கட்டும். மழையானாலும் குளிரானாலும் அவரே போகட்டும். கைக்குழந்தையால் எழுந்து வெளியே போக முடியாது.

மூன்று. எந்தப் பிள்ளையையும் பீடி, சிகரட் வாங்கக் கடைக்கு அனுப்புவதில்லை. தோட்டத்துக் கடைக்காரரோடு கமிட்டி நேரில் பேசும்.

நான்கு. கந்தோர், தொழிற்சாலை, டிஸ்பென்சரி ஆகியவற்றில் சட்டப்படியான அறிவித்தல் பலகையைத் தமிழிலும் போடும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுப்போம். துரையும் உத்தியோகத்தர்மாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். லயத்து அடுப்புகளுக்குப் புகைபோக்கி கேட்டும் அதே கடிதத்தில் எழுதுவோம். பீடிப் புகையை நாம் நிறுத்தும்போது விறகுப் புகைக்கு வழி செய்வது அவர்கள் பொறுப்பு.

ஐந்து. இந்தத் தீர்மானங்களுக்காக ஒரு தொழிலாளியின் பேரைக்கூட யாரும் வெட்ட விடமாட்டோம். இது நாம் நமக்குப் போட்டுக்கொள்கிற ஒழுங்கு. தண்டிக்கும் கோலாக இதை நிர்வாகத்தின் கையில் கொடுக்க முடியாது. மீறுகிறவரோடு பேசுவோம், திரும்பவும் பேசுவோம்.

விட நினைக்கிறவருக்கு

புகைக்கிறவரை நாம் எதிரியாகப் பார்க்கக் கூடாது. நிக்கொட்டின் பிடித்த பிடி இலேசில் விடாது. நாலு நாள் விட்டு ஐந்தாம் நாள் திரும்பத் தொட்டவரைக் கேலி செய்யாதீர்கள். பலர் பல தடவை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள். கடைசியாகப் புகைத்து 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. 12 மணித்தியாலத்தில் இரத்தத்திலுள்ள கார்பன் மொனொக்சைட் சாதாரண அளவுக்கு வருகிறது. ஒரு வருடத்தில் இதய நோய் வரும் ஆபத்து, தொடர்ந்து புகைக்கிறவருக்கு உள்ளதில் பாதியாகக் குறைகிறது. ஐம்பது வயதில் விட்டாலும் இலாபம்தான்.

விட உதவி வேண்டுமென்றால் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1948. தமிழிலும் பேசலாம். நம் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த வருடமும் 1948 என்பதால் இந்த எண் யாருக்கும் மறக்காது. அந்த வருடம் நம்மிடமிருந்து எடுத்ததைத் திரும்பப் பெற நமக்குப் பல பத்து வருடங்கள் ஆயின. புகையிலை எடுத்துக்கொண்டிருப்பதைத் திரும்பப் பெற யாருடைய கையெழுத்தும் நமக்குத் தேவையில்லை.

தலைவர்மார்களே, தலைவிமார்களே, இந்த ஐந்து தீர்மானங்களையும் உங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வாசியுங்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களைப் பேச விடுங்கள், பதில் சொல்லுங்கள், பிறகு கை தூக்கச் சொல்லுங்கள். முதலில் மாதர் பக்கத்தைக் கேளுங்கள், ஏனென்றால் கதவைச் சாத்திய காம்பராவுக்குள் பிள்ளையோடு கூடுதல் நேரம் இருக்கிறவர்கள் அவர்கள்தான். அடுத்த மாதம் நாம் கூடும்போது எத்தனை டிவிசன்கள் நிறைவேற்றின என்ற கணக்கோடு வாருங்கள்.